கோபத்துக்கு 'வித்', கலியாணத்துக்கு 'டு'

மகனே,

இங்கே எல்லாருக்கும் சுகம். உன் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் கேட்டுக்கொண்டேன். சுகத்தோடு இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன், அதற்கு மறுமொழிதான் இந்தக் கடிதம். ரெலிபோனில் எனக்கு நிதானமாகக் கதைக்க வராது, கிணற்றுக்குள் கத்துகிற மாதிரி இருக்கும். அதோடு, எழுதினால் நீ இடையில் வெட்ட முடியாது. இருந்து வாசி. வாசித்து முடித்த பிறகு உன் சனிக்கிழமை வகுப்பில் ஜூடிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். மறதி என்ற வியாதி எனக்கு இன்னும் வரவில்லை. "அம்மா, கலியாணத்துக்கு ஜூடியின்ரை தாய் தேப்பன் எல்லாரும் வருவினம். நீங்கள் இங்கிலிஷிலை கதைச்சுக் கஷ்டப்பட வேண்டாம். சும்மா சிரிச்சுக்கொண்டு இருங்கோ, காணும். நான் நடுவிலை இருந்து சொல்லுறன்." நான் "ஓம்" என்றேன். ரெலிபோனை உன் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அந்த ஓம் சம்மதம் இல்லை, தம்பி. காதில் விழுந்தது என்பதற்கு ஒரு ஓம் உண்டு, அதுதான் அது. உன் கலியாணத்தில் நான் என் சம்பந்தியோடு வாய் திறந்து கதைப்பேனா, அல்லது கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மை மாதிரிப் பல்லைக் காட்டிவிட்டுச் சிட்னிக்கு, டூங்கபி வீட்டுக்கு ரெயில் ஏறுவேனா என்பதுதான் இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் கிடக்கிற காரியம்.

அதே ரெலிபோனில் வேறொன்றையும் அலுத்துக்கொண்டாய். நீயும் ஜூடியும் மெல்பேர்னில், டண்டினொங் பக்கம், பக்டறி வேலைக்காரருக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பெரிய பெரிய சொல்லெல்லாம் பிடித்துவிடுகிறார்கள், 'இன்', 'ஒன்', 'அட்' என்கிற இந்தப் பொடிச் சொற்களில்தான் விழுகிறார்கள். எத்தனை தரம் திருத்தினாலும் அடுத்த கிழமை அதே பிழையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றாய். அதற்கும் என்னிடம் மறுமொழி இருக்கிறது. அந்தப் பொடிச் சொல் ஒன்றில் விழுந்தவள் நான். விழுத்தியவன் நீ.

உனக்கு ஞாபகம் இருக்காது, ஆனபடியால் நான் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு நானும் நீயும் அக்காவோடு வந்து சேர்ந்த முதல் வருஷம். பின் வளவில் மிளகாய்க் கன்று வைத்திருந்தேன். ஊரில் இருந்து சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதை. இந்தச் சிட்னியில் அப்போது ஒரு கடையிலும் உறைப்பான மிளகாய் கிடையாது. பக்கத்து வீட்டு மிஸிஸ் கோலின் கறுப்பு நாய் வேலிக்குக் கீழால் வந்து அவ்வளவையும் கிண்டிப் போட்டது. நான் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. தலையை முடிந்துகொண்டு வேலிக்குப் போனேன். பேத்தியின் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் பஸ்ஸிலும் பொறுக்கின இங்கிலிஷை எல்லாம் ஒன்றாக்கி, "ஐ ஆம் ஆங்கிரி ஒன் யுவர் டோக்" என்றேன். அந்த மனுசிக்கு விளங்கிவிட்டது, தம்பி. அவளுடைய முகம் மாறினது, 'சொறி' என்று மன்னிப்புக் கேட்கத் திறந்த வாயை நான் கண்டேன். அதற்குள் நீ பின்படியால் இறங்கி வந்தாய். பச்சைக் கோடு போட்ட சேட், மேல் பொத்தான் இல்லை. முதல்நாள் தைத்துத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்ன அதே சேட். வந்து அவளோடு இங்கிலிஷில் ஏதோ சொன்னாய். அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, 'ஒன்' இல்லை, 'வித்'. நாய்க்கு மேலை ஏறி நிண்டோ கோவிக்கிறியள்?" என்றாய்.

என் மிளகாய்க்கன்று போனது, என் கோபமும் போனது. அந்தச் சொறியும் வரவில்லை. நாயின் பேரில் தொடங்கின கதை என் இங்கிலிஷின் பேரில் முடிந்தது. அந்த மனுசி வீடு மாறிப் போகும்வரை அவளோடு நான் ஒரு குட்மோர்னிங்கும் சொல்லவில்லை. என் கலியாணத்தில் பலகாரத் தட்டைத் திருப்பி அனுப்பின உன் பெரியம்மாவையே நான் இன்னும் விடவில்லை, மிஸிஸ் கோல் எம்மாத்திரம். ஆனால் அவளை விடப் பெரிதாக ஒன்றை நிறுத்தினேன். இங்கிலிஷை நிறுத்தினேன். கடைக்குப் போனால் விரலால் காட்டினேன். பஸ்ஸில் காசை நீட்டிவிட்டு நின்றேன். நீ மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போகிறபோது, "அம்மாவுக்கு இங்கிலிஷ் பிடிக்கேல்லை" என்று அக்காவிடம் சொன்னாய். எனக்குப் பிடிக்காதது இங்கிலிஷ் இல்லை.

பிறகு ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தேவாலய மண்டபத்தில், காலைவேளையில் பெண்களுக்கு ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். அக்கா பிடித்துத் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், பள்ளிக்கூடம் என்றாலே கை நோகும். அங்கே ஒரு கிரேக்கத்தி இருந்தாள், எலேனி என்று பேர், ரொட்டிப் பக்டறியில் இரவு வேலை. ஒரு இத்தாலிக்காரி ரோசா. படிப்பிக்கிறவள் மிஸிஸ் பெய்லி, என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பாள், அது தலையில் இருக்கும். முதல்நாள் மழையில் நனைந்துகொண்டு போனேன். எப்படி வந்தாய் என்று கேட்டாள். நடந்து வந்தேன் என்று சொல்ல நினைத்து, "பை பஸ்", "பை ட்ரெயின்" என்று பேத்தி சொல்கிற மாதிரியே "பை வோக்" என்றேன். பிழை என்று அவள் சொல்லவில்லை. கண்ணை அகல விரித்து, "யூ கேம் ஒன் ஃபுட்! இந்த மழைக்குள்ளையா!" என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, துடைக்கத் துவாய் எடுத்துத் தந்தாள். துவாயோடு சேர்த்து அந்தச் சொல்லும் என் கையில் வந்துவிட்டது. நாய்க்கு மேல் கோபிக்கக் கூடாது, காலுக்கு மேல் ஏறி வரலாம் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் மறக்கவில்லை.

இதுதான் அவளுடைய வித்தை. யாராவது பிழையாகச் சொன்னால் அவள் முதலில் விஷயத்துக்கு மறுமொழி சொல்வாள். அந்த மறுமொழிக்குள் சரியான சொல்லை வைத்திருப்பாள். எடுக்கிறவள் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காதவளுக்கு அடுத்த கிழமையும் அதே சொல் வரும். ஒருநாள் தேத்தண்ணி நேரம் சாயம் கூட வேண்டும் என்று சொல்ல "ஹெவி ரீ" என்றேன். "யூ லைக் இட் ஸ்ட்ரோங்?" என்று கேட்டுக்கொண்டு இன்னும் ஊற்றினாள். மழைதான் ஹெவியாம், தேத்தண்ணி ஸ்ட்ரோங்காம். பாரத்தை மழைக்கும் பலத்தைத் தேத்தண்ணிக்கும் கொடுத்தவன் யாரோ. அவள் அதை விளக்கப் போகவில்லை, ஊற்றினாள், அவ்வளவுதான். நீ உன் வகுப்பில் இருக்கிறவனை அரைவசனத்தில் மறிக்கிறாய் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். அவன் சொல்ல வந்தது என்ன என்று முதலில் கேள். தன் கதையைக் கேட்காதவன் தருகிற சொல்லை யார் வைத்திருப்பான்?

இன்னொன்று. ஒருநாள் மண்டபத்தில் இருந்து வெளிக்கிடும்போது எலேனி "குளோஸ் த லைற்" என்றாள். ரோசாவும் அதையேதான் சொல்வாளாம். லைற்றைச் சாத்துகிறதா, அது என்ன கதவா என்று நான் நினைத்தேன். நான் சொன்னது "ஓஃப் த லைற்". மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். மிஸிஸ் பெய்லி சுவிச்சில் கையை வைத்து, "ஷால் ஐ டேர்ன் இட் ஓஃப்?" என்றாள். வெளியில் வந்த பிறகு எலேனி தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள், கிரேக்கத்தில் வெளிச்சத்தைச் சாத்துகிறதுதான் சரியாம், திருப்புகிறவர்களுக்குத்தான் பைத்தியமாம். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவள் பிழையாகக் கதைக்கவில்லை, கிரேக்கத்தைச் சரியாகக் கதைக்கிறாள், இங்கிலிஷ் சொற்களால். நான் டொக்டரிடம் போய், காலையில் இரண்டு குளிசை "புட்" பண்ணினேன் என்று சொல்ல, அந்த மனுசன் பயந்துபோய் எங்கே போட்டாய் என்று கேட்டான். வாயைத் திறந்து காட்டினேன். குளிசை போடுகிறது எங்கள் தமிழுக்குச் சரி. உன் வகுப்பில் ஒருவன் மூன்றாம் தரமும் அதே பிழையோடு வந்தால், உன் பாஷையில் இதை எப்படிச் சொல்வாய் என்று அவனைக் கேள். அவன் பிடிவாதக்காரன் இல்லை என்று அப்போது தெரியும். அவனுக்குள் ஒரு பழைய சொல் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிட முதல் அதன் பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். ஒருநாள் மிஸிஸ் பெய்லி, கோபம் வந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள் என்றாள். ரோசா மாமியாரைச் சொன்னாள். எலேனி மேற்பார்வைக்காரனைச் சொன்னாள். என் முறை வந்தது. எத்தனையோ நாள் வாய்க்குள் வைத்திருந்ததை வெளியில் விட்டேன். "ஐ ஆம் ஆங்கிரி ஒன் மை சன்." அந்த 'ஒன்' பிழை என்று எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்துகொண்டுதான் சொன்னேன், நீ சிரித்த சொல்லை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. மிஸிஸ் பெய்லி மூக்குக்கண்ணாடியைத் தேடுவதை நிறுத்தினாள். "ஹவ் லோங் ஹாவ் யூ பீன் ஆங்கிரி வித் ஹிம்?" என்று கேட்டாள். எவ்வளவு காலமாகக் கோபம் என்று. அந்த 'வித்' மெல்லிசாக வந்து என் பக்கத்தில் இருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் யோசித்துவிட்டு, "சின்ஸ் த டோக்" என்றேன். அப்போதுதான் சிரித்தார்கள், எலேனி மேசையில் அடித்தடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிறதுக்கு நான் கொடுத்த சிரிப்பு அது. அதற்கும் மிஸிஸ் கோலின் வேலியடியில் நீங்கள் இருவரும் சிரித்ததற்கும் உள்ள தூரம் உனக்கு விளங்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்தச் சொல்லோடுதான் வந்தேன். பாலோடு தேத்தண்ணி என்றால் 'வித்'. மகளோடு இருக்கிறேன் என்றால் 'வித்'. கோபம் என்றாலும் அதேயா? கோபித்தவனோடு யாராவது கூட இருப்பார்களா? எங்கள் தமிழில் கோபம் மேலே ஏறும்: உன் மேல் கோபம். ஆனால் பாசமும் அங்கேதான் ஏறும், உன் மேல் பாசம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே தலையில். அதனால்தான் எனக்கு எது எது என்று பிரித்துப் பார்க்க வரவில்லையோ என்னவோ. அடுத்த வகுப்பில் மிஸிஸ் பெய்லியிடமே கேட்டேன், ஏன் 'வித்' என்று. தனக்குத் தெரியாதாம், தாங்கள் அப்படித்தான் சொல்லி வருகிறோமாம். எனக்கு அவளை அன்றைக்கு இன்னும் பிடித்தது. நீயென்றால் ஏதாவது ஒரு காரணம் கட்டிச் சொல்லியிருப்பாய். காரணம் இல்லாத இடத்தில் காரணம் சொல்லாதே. 'ஆங்கிரி வித்' என்பது ஒரே சொல் என்று கொடுத்துவிடு, பூட்டையும் திறப்பையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. முதலில் அவர்களுக்குக் கோபப்படச் சொல்லிக்கொடு. நல்ல வார்த்தைக்குச் சிரிப்புப் போதும், கையெடுத்துக் கும்பிட்டாலும் விளங்கும். மேற்பார்வைக்காரனிடமும் டொக்டரிடமும் நாய் வளர்க்கிறவளிடமும் நியாயம் கேட்கத்தான் பாஷை வேண்டும்.

ஜூடி இங்கே வந்துவிட்டுப் போனதை நினைத்துப் பார். அந்தப் பிள்ளை ரெயிலில் வரும்போதே உன்னிடம் கேட்டுக் கேட்டு நாலு தமிழ் வசனம் பாடமாக்கி வந்திருந்தது. தேத்தண்ணி நல்லம் என்றது. புட்டு இன்னும் வேணும் என்றது. புறப்படும்போது வாசலில் நின்று, எல்லாப் பல்லும் தெரிய, "அம்மா, நான் போறன்" என்றது. உன் முகம் போன போக்கு! "ஐயோ, போறன் எண்டு சொல்லக்கூடாது!" என்று தொடங்கி, அது செத்த வீட்டில் மட்டும் சொல்லுகிற சொல் என்று இங்கிலிஷில் பிரசங்கம் செய்தாய். அந்தப் பிள்ளையின் கழுத்து முழுக்கச் சிவந்துபோனது. வேலியடியில் நின்ற என் கழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. நான் உன்னைத் தாண்டி வந்து அவளுடைய கையைப் பிடித்து, "ஓம் பிள்ளை, போட்டு வா" என்றேன், போய்த் திரும்பி வா என்று. அவள் என் வாயைப் பார்த்தாள். "போட்டு... வாறன்" என்றாள். "ஓம், வா" என்றேன். போய்விட்டாள், மகனே, படலையைச் சாத்தும்போது ஒரு தரம், வீதியில் நின்று இன்னொரு தரம், தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அவளைத்தான் நீ கட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். நீ அதற்கு முன்னமே முடிவு செய்துவிட்டாய் என்பது வேறு கதை, அதையும் நான் மறக்கவில்லை.

உன் ரெலிபோன் வந்த மறுநாள் மிஸிஸ் பெய்லியிடம் போய் நின்றேன். சம்பந்திக்குச் சொல்ல ஒரு வசனம் வேண்டும் என்றேன். எனக்கு வந்தபடி சொல்லிக் காட்டினேன்: என் மகன் உங்கள் மகளோடு கலியாணம், "மரீட் வித் யுவர் டோட்டர்". அவள் முகம் மலர்ந்து, "ஹி இஸ் கெட்டிங் மரீட் டு ஹெர் டோட்டர்! ஹவ் லவ்லி!" என்றாள். 'டு'. அது எங்கள் 'க்கு' அல்லவா? கோபத்துக்குக் கூட இருக்கிற சனம், கலியாணத்துக்கு மட்டும் 'க்கு' என்கிறதே என்று தலை சுற்றியது. பிறகு யோசித்தேன். நாங்கள் உன் அக்காவை அத்தானுக்குக் கட்டிக் கொடுத்தோம். பெண்ணைத்தான் கொடுக்கிறது. பெடியன் கலியாணம் முடிப்பான். பெடியனை ஒருத்தருக்கும் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மிஸிஸ் பெய்லியைக் கேட்டேன், பெண் பெடியனுக்கா, பெடியன் பெண்ணுக்கா என்று. கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "போத்" என்றாள். இரண்டும்தான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். இந்தப் பாஷையில் கதைத்தால் நானும் உன்னைக் கொடுக்க வேண்டும். உன் அக்கா வெளிக்கிட்ட நாள் அழுத எனக்கு, உனக்காகவும் அழ ஒரு இடம் இருக்கிறது என்று ஒருத்தரும் இதுவரை சொல்லித் தரவில்லை.

ஆனபடியால் கேள். ஜூடியின் தாய் தன் பிள்ளையை எனக்குத் தருகிறாள், நான் என் பிள்ளையை அவளுக்குத் தருகிறேன். கொடுக்கிற இரண்டு பேர் கதைக்கிறதுக்கு நடுவில், கொடுபடுகிற சாமானுக்கு என்ன வேலை? நான் அவளோடு இங்கிலிஷில்தான் கதைக்கப் போகிறேன். உன்னைப் பற்றிச் சொல்வேன், நாயின் கதையும் சொல்வேன், மேல் பொத்தான் இல்லாத சேட்டையும் சொல்வேன். பிழை வரும். எனக்கு இன்னும் 'இன்'னும் 'அட்'டும் பிடிபடவில்லை, அந்த மண்டபத்தில் ஒருத்திக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. பிழை வந்தால் அவள் தன் மறுமொழியில் சரியாகச் சொல்லுவாள், நான் எடுத்துக்கொள்வேன். அவளுக்கும் "சம்பந்தி" என்று சொல்லவராது, நானும் அந்தச் சொல்லை அப்படியே என் மறுமொழிக்குள் வைத்துக் கொடுப்பேன். நீ வாயைத் திறக்கக்கூடாது.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்பாய். இல்லை. மிளகாய் மறுபடி காய்த்துவிட்டது, உனக்கு ஒரு போத்தல் ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறேன், கோபம் இருக்கிறது. ஆனால் அதை இனிமேல் உன் மேல் ஏற்றி வைத்துவிட்டு நான் தூரத்தில் நிற்கப் போவதில்லை. இங்கிலிஷ்காரர் சொல்கிற மாதிரி உன்னோடு கோபமாக இருக்கிறேன்; உன்னோடு இருக்கிறேன். ஜூடி இதை உன்னைவிடக் கெதியாக விளங்கிக்கொள்வாள், கேட்டுப் பார்.

கலியாண வீட்டில் கதிரை போடுகிறவர்களிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. முன்வரிசையில் எனக்கும் ஜூடியின் தாய்க்கும் இரண்டு கதிரை, ஒட்டி ஒட்டி. மூன்றாவது கதிரை வேண்டாம்.

அம்மா